கோவிலம்பாக்கம் கிடங்கு வாசல் அறிவிப்பில் விடுபட்ட வரி தொடர்பாக

பெயர்: மா. அசரியா
தகப்பனார் பெயர்: மாசிலாமணி (காலமாகிவிட்டார்)
வயது: 59
தொழில்: டி.டி.பி. மற்றும் ஜெராக்ஸ் கடை. அதற்கு முன் 31 வருடம் அச்சகத்தில் பிழை திருத்துபவர்
விலாசம்: சேலையூர், கிழக்குத் தாம்பரம், சென்னை-73
பதிவு செய்த நாள்: 17.12.2007, காலை 11.20 மணி

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். எனக்குத் தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். தெரியும் என்று சொல்வது குறைவு. நான் பார்த்து அனுப்பிய தாளில் ஒரு புள்ளிகூட இடம் மாறி உட்கார்ந்ததில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டாலே காற்புள்ளிகள் எழுந்து வரிசையில் நிற்கும் என்று தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் உள்ள எல்லா அச்சகங்களிலும் பேச்சு உண்டு. இது வழக்குக்குத் தேவையா என்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார்கள். இதுதான் வழக்கே என்று சொன்னேன். எழுதிக்கொள்ளும்படி பெண் காவலர் பேபி அவர்களுக்கு உத்தரவாயிற்று. அவர்கள் நான் சொல்வதைத்தான் எழுதுகிறார்களா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். நான் சொல்வதைத்தான் எழுதுகிறார்கள்.

இந்த வழக்கில் விசாரிக்கப்பட்டுவரும் டெபோரா, வயது 25, என் உடன்பிறந்த தங்கை ஜெயசீலியின் மகள். எனக்கு மருமகள் முறை. மேடவாக்கத்தில் தன் தாயாருடன் இருக்கிறாள். எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, இரண்டு வருடமாக மேற்குத் தாம்பரத்தில் ஆபேல் என்பவர் நடத்தும் சுற்றுச்சூழல் ஆலோசனை ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்து, வரும் ஜனவரி 6-ம் தேதிக்கு விமான டிக்கெட் போட்டாயிற்று. அதற்கு வேண்டிய போலீஸ் நன்னடத்தைச் சான்றும் இதே காவல் நிலையத்தில்தான் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. இந்த வழக்கில் அவள் பெயர் ஏறினால் அந்தச் சான்று கிடைக்காது. சான்று கிடைக்காவிட்டால் விமானம் அவளை விட்டுவிட்டுப் போய்விடும். இன்று யாரும் அழைக்காமல் நானாக இங்கே வந்ததற்குக் காரணம் அதுதான்.

டெபோராவின் வேலை என்னவென்றால், தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வைத்திருக்கிற ரசாயனங்கள் ஆவியாகிக் காற்றில் கலந்தால், எத்தனை நேரத்தில் சிதைந்து போகும் என்று மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது. இந்த வேலையைப் பற்றி அவள் முதன்முதலில் என்னிடம் சொன்ன நாளிலேயே எனக்குச் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவளை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"காத்துல ஹைட்ராக்சில்னு ஒண்ணு இருக்கு மாமா. வெயில் இருந்தாதான் உண்டாகும். உண்டாகி ஒரு செகண்ட்கூட தாங்காது, பக்கத்துல எது இருக்கோ அது மேல மோதிடும். அது மோதி மோதித்தான் இந்த ஆவியெல்லாம் உடையுது" என்றாள்.

"நீ பாத்திருக்கியா?"

"கண்ணால யாரும் பாக்க முடியாது."

"இந்த ரசாயனத்த லேப்ல வச்சு அளந்தியா?"

"எல்லாத்தையும் அளக்க ஆயுசு பத்தாது மாமா. கொஞ்சம்தான் அளந்து வச்சிருக்காங்க. மீதிக்கு, மூலக்கூற துண்டு துண்டா பிரிச்சு, இந்தத் துண்டு இவ்ளோ வேகத்துல அடி வாங்கும், அந்தத் துண்டு அவ்ளோ வேகத்துல அடி வாங்கும்னு கூட்டிக்குவோம். அதுக்கு கம்ப்யூட்டர்ல புரோகிராம் இருக்கு."

"அப்ப ஜோசியம்னு சொல்லு."

"ஜோசியக்காரன் எவ்ளோ தப்பு வரும்னு சொல்வானா? நாங்க சொல்வோம்" என்றாள்.

பெண்ணையே பார்க்காமல், மூக்குக்கு இவ்வளவு முழிக்கு இவ்வளவு என்று மார்க் போட்டுக் கல்யாணத்தை முடிக்கிற காரியம் இது என்று நான் சொன்னேன். வீடே சிரித்தது. கூரை ஓடு நாலு பெயர்ந்து விழுந்தது. எங்கள் வீடு மாடி வீடு ஆயிற்றே என்று பேபி அவர்கள் குறிப்பிட்டதால், ஓடு பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வெயில் இருந்தால்தான் என்று அவள் சொன்னதை நான் அன்றைக்கே என் இரண்டு காதாலும் கேட்டேன் என்பது மட்டும் பதிவாக வேண்டும்.

அதன் பிறகு, இந்த வருடம் ஆகஸ்ட் மாதம், கோவிலம்பாக்கத்தில் உள்ள பெயிண்ட் கரைப்பான் கிடங்குக்கான அறிக்கை ஆபேல் ஆபீசுக்கு வந்தது. அந்தக் கரைப்பானின் பெயர் கோடம்பாக்கத்தில் தொடங்கிச் செங்கல்பட்டில் முடியும் அளவுக்கு நீளம். நாங்கள் அதை "அந்த ஆவி" என்றே சொல்லிவந்தோம். ஆங்கில அறிக்கையை டெபோரா எழுதினாள். அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதிக் கிடங்கு வாசலில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி என்று அவள் சொன்னாள். அவள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. ஆகவே ஆபேலுக்குத் தெரியாமல், ஆறு பக்க ஆங்கிலச் சுருக்கத்தை முழு அறிக்கையோடு சேர்த்து என்னிடம் கொடுத்தாள். நான் தமிழில் பெயர்த்து, டைப் செய்து, 22.08.2007 அன்று அவளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் "தமிழாக்கம் மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று இருந்த இடத்தில், என் கடை கவுண்டரிலேயே நின்றுகொண்டு, என் பேனாவிலேயே கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார் என்று நான் சொல்லவில்லை. அவளும் பார்க்கவில்லை. "நீங்க பாத்தப்புறம் நான் என்னத்த பாக்கறது" என்றாள். அதற்காக நான் ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு 11.12.2007 செவ்வாய்க்கிழமை மாலை 4.40 மணி அளவில், மேற்படி கிடங்கில் ஒரு பீப்பாயின் வால்வு உடைந்து அந்தக் கரைப்பான் தரையில் ஓடி ஆவியாகிப் பரவியது. அந்த நேரத்தில் நான் கடையில் இருந்தேன். ஆகவே இது கேள்விப்பட்டது. மூன்று லட்சம் ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பல்லாவரத்தை நோக்கி ஓடினார்கள் என்று கேள்விப்பட்டேன். எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லும்படி சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சொன்னதால், நாற்பது குடும்பங்கள், அடுத்த தெருக் கல்யாண மண்டபத்துக்குச் சென்றார்கள் என்று சொல்கிறேன். ஐந்து மணிக்குள் வால்வை அடைத்துவிட்டார்கள். எப்போது வீட்டுக்குத் திரும்பலாம் என்று ஜனங்கள் கேட்டதற்கு, கிடங்கு மேலாளர் துளசிங்கம் என்பவர், வாசலில் ஒட்டியிருந்த தமிழ் அறிவிப்பைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அதில், இந்த ஆவி காற்றில் கலந்தால் ஆறு மணி நேரத்தில் பாதியாகச் சிதைந்துவிடும் என்று இருந்தது. அதை நம்பி அந்தக் குடும்பங்கள் 10.40 மணிக்கு வீடுகளுக்குத் திரும்பிப் படுத்தார்கள். விடிவதற்குள் பதினோரு பேருக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. அவர்களில் ஒருவர் ஆறு வயதுப் பெண் குழந்தை.

மறுநாள் விசாரணையில், ஆங்கில அறிக்கையில் உள்ள ஒரு வரி தமிழ் அறிவிப்பில் இல்லை என்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆங்கிலத்தில், ஆறு மணி நேரம் என்பதோடு, அரை நாள் என்றும், அடைப்புக்குறிக்குள் பன்னிரண்டு மணி நேர நாள் என்றும், அதற்கு மேல் ஒரு நட்சத்திரக் குறியும், பக்கத்தின் அடியில் அந்த நட்சத்திரத்துக்கு விளக்கமும் இருந்தன. வெயில் உள்ள மணி நேரம் மட்டுமே இதில் எண்ணப்படும், இரவுக்கு இது பொருந்தாது, கசிவு ஏற்பட்டால் இந்த எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது, காற்றின் திசையையும் வேகத்தையும்தான் பார்க்க வேண்டும் என்பது விளக்கம். தமிழில் ஆறு மணி நேரம் என்பது மட்டும் இருந்தது. கிடங்குக்குச் சாதகமாக யாரோ வேண்டுமென்றே அந்த வரியை நீக்கியிருப்பதாகச் சந்தேகம் எழுந்தது.

13.12.2007 அன்று டெபோரா இங்கே அழைக்கப்பட்டாள். தமிழ் அறிக்கையைத் தயாரித்தது யார் என்று கேட்டதற்கு, "கையெழுத்து என்னோடதுதான் சார், பொறுப்பும் என்னோடதுதான்" என்று சொல்லியிருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு என் கடைக்கு வந்தாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாமா, ஆகஸ்ட்ல பண்ணின அந்த ப்ரூஃப் இருக்கா?"

"எதுக்கு? என்னையே சந்தேகப்படறியா?" என்றேன்.

"இல்ல மாமா, சும்மாத்தான்" என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்திருந்த வாழைக்காய் பஜ்ஜியைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு இந்தச் சதியை உடைக்க இந்தியாவிலேயே தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான் என்று தீர்மானித்து, கடையைப் பூட்டிவிட்டுப் புலன் விசாரணையில் இறங்கினேன். காவல் துறையின் வேலையில் குறுக்கிட்டதற்கு வருத்தம் தெரிவிக்கும்படி சொன்னார்கள். தெரிவிக்கிறேன்.

14.12.2007 வெள்ளிக்கிழமை காலை, கிறிஸ்துமஸ் கார்டு மாதிரி காட்டுகிற சாக்கில் ஆபேலின் ஆபீசுக்குப் போனேன். எனக்கு முதல் சந்தேகம் அவர்மேல்தான். அவர் பெரிய மீன் தொட்டி வைத்திருக்கிறார். அதில் இருந்த மீன்கள் ஒன்றுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கார்டைக் காட்டிக்கொண்டே, அந்த வரியை எடுத்தது நீங்கள்தானா என்று திடீரென்று கேட்டேன். திடீரென்று கேட்டால் உண்மை விழுந்துவிடும் என்பது என் கொள்கை.

"அங்கிள், நான் டெல்லியில வளர்ந்தவன். தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பஸ் போர்டு படிக்கறதுக்குள்ள பஸ் போயிடும். அதுல ஒரு வரிய எடுக்கணும்னா எது அந்த வரின்னு முதல்ல யாராவது எனக்குக் காட்டணும்" என்றார்.

நம்பவில்லை. ஒரு கார்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "கர்த்தருடைய" என்பதைக் கடக்க அவருக்கு ஒரு யுகம் ஆயிற்று. அதற்குள் மீன்கள் இரண்டு தலைமுறை கண்டன. அவரை விட்டுவிட்டேன்.

15.12.2007 சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவிலம்பாக்கம் கிடங்கு வாசலுக்குப் போனேன். இரண்டாவது சந்தேகம் துளசிங்கத்தின் மேல். வாசலில் ஒட்டியிருப்பது என்னுடைய தாள்தானா, அல்லது அவர் வேறு அடித்து ஒட்டிவிட்டாரா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்போது மேற்படி துளசிங்கம் இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"இன்னா சார், வாசல்ல நின்னுகினு மோந்து பாக்கறே? வாசன இன்னும் கீதா?"

நான் விசாரணை அதிகாரி என்று சொன்னேன். சொன்னது தவறு என்று இப்போது சொல்லப்பட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

"நீ எந்த அதிகாரியானாலும் இருந்துட்டுப் போ. கண்ணாடிப் பொட்டிக்குள்ள கீது பாரு தாளு. பூட்டுச் சாவி ஹெட் ஆபீஸ்ல கீது. அதுல நான் எப்படி கை வைப்பேன்? ஜனங்க மண்டபத்துல நின்னுகினு எப்ப சார் வூட்டுக்குப் போலாம்னு நச்சரிச்சுது. எனக்கு இன்னா தெரியும்? இதுல ஆறு மணி நேரம்னு போட்டுக்கீது, படிச்சேன். நானும் எம் பொண்டாட்டியும் இதே தெருவுலதான் கீறோம். பொய்யின்னு தெரிஞ்சா நான் போய்ப் படுப்பேனா?" என்று சொல்லி மறுபடியும் இருமினார். கழுத்தில் ஆஸ்பத்திரி சீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சட்டைப் பையில் என்று திருத்திக்கொள்ளவும்.

கண்ணாடிக்குள் இருந்தது என்னுடைய தாள்தான். ஓரம் விட்டிருந்த அளவும், எழுத்தும், தலைப்புக்குக் கீழே நான் வழக்கமாகப் போடும் இரட்டைக் கோடும் அப்படியே இருந்தன. என் கடையிலிருந்து போன பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை.

அப்படியானால், ஆங்கில மூலம் என் கைக்கு வருவதற்கு முன்பே அதிலிருந்து வரி போயிருக்க வேண்டும். என்னிடம் கொடுத்தது டெபோரா. அன்று மேடவாக்கம் சிக்னலில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் நின்றபோது, என் மருமகளே கிடங்குக்காரனிடம் ஏதோ வாங்கிக்கொண்டு அந்த வரி இல்லாத பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டாளோ என்று சந்தேகப்பட்டேன். ப்ரூஃப் இருக்கிறதா என்று அவள் கேட்டது, இருந்தால் அதை வாங்கிக் கிழித்துப் போடத்தான் என்றும் நினைத்தேன். இதை எழுத வேண்டுமா என்று பேபி அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எழுதும்படி நானே கேட்டுக்கொண்டேன். அன்று மாலை என் தங்கை ஜெயசீலி போன் செய்து, "அண்ணே, பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல. பெட்டிய திறந்து ஸ்வெட்டர எடுத்து வெளிய வச்சிட்டா. கேட்டா, வேணாம்மா, எப்படியும் போகப்போறதில்லங்கறா. நீ வந்து ரெண்டு வார்த்த சொல்லு" என்றாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு 16.12.2007 ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, அந்தக் குழந்தை சேர்க்கப்பட்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிடங்குக்காரர்கள் யாராவது வந்து பேரம் பேசினார்களா என்று துப்புத் துலக்குவது என் நோக்கம். குழந்தையின் பெயர் ஷாயிஸ்தா. தகப்பனார் ஜாகிர், மேடவாக்கத்தில் சோபா, சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். குழந்தை மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. நான் யார் என்று ஜாகிர் கேட்கவில்லை. சபையிலிருந்து ஜெபிக்க வந்தவர் என்று நினைத்து நாற்காலியைத் தூக்கிப் போட்டார்.

அறிவிப்பைப் பற்றிக் கேட்டேன்.

"மண்டபத்துல ஒரே கொசு சார். புள்ள தூங்கல. அத்தா, வூட்டுக்குப் போலாம்னு அழுதுகினே இருந்துச்சு. நான் உடனே கூட்டிகினு போகல. நானே கேட்டாண்ட போய் அந்தத் தாள முழுசா படிச்சேன். ரெண்டு தபா படிச்சேன். வழக்கமா இந்த மாதிரி நோட்டீசுல ஒண்ணும் புரியாது, பத்து தப்பு இருக்கும். இது நல்லா எழுதிருந்தான் சார். ஒரு தப்பு இல்ல. இவ்ளோ ஒழுங்கா எழுதறவன் தெரியாமயா எழுதுவான்னு நெனச்சேன்" என்றார்.

யாராவது வந்து பேரம் பேசினார்களா என்று நான் கேட்கவில்லை. வாங்கிப் போயிருந்த ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன். நான் திருத்திய ப்ரூஃப் எதையும் எறிவதில்லை. எல்லாம் மாதவாரியாக டின்களில் இருக்கும். ஆகஸ்ட் டின்னில் மேற்படி அறிக்கையின் முதல் தமிழ் ப்ரூஃப் இருந்தது. அதில் அந்த வரி இருக்கிறது. அரை நாள், அடைப்புக்குறி, பன்னிரண்டு மணி நேர நாள், நட்சத்திரம், அடியில் விளக்கம், எல்லாம் நானே பெயர்த்து, நானே டைப் செய்தவை. அவற்றின் மேல் சிவப்பு மையில் நீக்கற்குறி. அந்தச் சுழி என்னுடையது. பார்த்த பிறகுதான் போட்டது ஞாபகம் வந்தது. அந்தச் சுழியை என்னைப் போல் போடுகிறவர் வேறு யாரும் இல்லை. இதில் மிகை எதுவும் இல்லை.

ஏன் நீக்கினேன் என்றால், நாள் என்பது இருபத்து நான்கு மணி நேரம். சபையில் இருபத்தாறு வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவன் நான். இரவும் பகலும் சேர்ந்ததுதான் ஒரு நாள் என்பது உலகம் உண்டான முதல் நாளிலிருந்து உள்ள கணக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். பன்னிரண்டு மணி நேர நாள் என்று ஒன்று இருக்க முடியாது, அது டைப் செய்தவர் செய்த பிழை என்று நினைத்தேன். அரை நாள் என்றால் பன்னிரண்டு மணி, ஆனால் பக்கத்தில் ஆறு மணி என்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆறு மணி நேரம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அரை நாளையும் அடைப்புக்குறியையும் எடுத்தேன். அடைப்புக்குறி போனதும் அதன் மேல் இருந்த நட்சத்திரம் போயிற்று. மேலே நட்சத்திரம் இல்லாமல் கீழே விளக்கம் நிற்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி. ஆகவே விளக்கத்தையும் எடுத்தேன். எடுத்த பிறகு பக்கம் மிகவும் சுத்தமாக இருந்தது. நான் திருப்தியாக இருந்தேன். டெபோராவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

கம்ப்யூட்டர் கணக்கில் நாள் என்றால் வெயில் அடிக்கிற பன்னிரண்டு மணி நேரம்தான், அதில் பாதி ஆறு என்பதை நேற்று சாயங்காலம், டின்னில் அதோடு கிடந்த முழு ஆங்கில அறிக்கையை முதல்முறையாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். 4.40 மணிக்கு ஆவி கிளம்பியது. 5.45-க்குச் சூரியன் மறைந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்தான், அதுவும் சாய்ந்த வெயிலில், ஓடியிருக்கிறது. மீதி ஐந்து மணி நேரம் மறுநாள் விடிந்த பிறகுதான் தொடங்கும். காற்றும் அன்று அடிக்கவில்லை. ஜாகிர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தபோது ஆவியைச் சிதைக்க அங்கே எதுவும் இல்லை.

அந்த ப்ரூஃப் தாளையும், டின்னையும், என் சிவப்புப் பேனாவையும் சான்றாக ஒப்படைத்திருக்கிறேன். கிடங்குக்காரர்களிடமோ வேறு யாரிடமோ நான் எதையும் பெறவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. மேற்படி வரியை நீக்கியது நான் ஒருவன். படிக்காமல் கையெழுத்துப் போட்டது டெபோராவின் தவறுதான். ஆனால் அவள் நம்பியது என்னை.

இந்த வாக்குமூலத்தால் உங்கள்மேல் வழக்கு வரும், வயதையெல்லாம் பார்க்க மாட்டார்கள், தெரியுமா என்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார்கள். தெரியும் என்று சொன்னேன். ஆபேலும் துளசிங்கமும் இதில் இல்லை என்றும் சொன்னேன். இன்று மதியம் ஜாகிரை நேரில் பார்த்து, அந்தத் தாளை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டு வர அனுமதி கேட்டேன். ஒரு காவலருடன் போய் வரலாம் என்று சொன்னார்கள்.

கடைசியாக, அந்த வரியை நீக்கியது நீங்கள்தான் என்று டெபோராவுக்குத் தெரியுமா, தெரிந்துதான் உங்களைக் காப்பாற்றப் பார்த்தாளா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. ப்ரூஃப் இருக்கிறதா என்று கேட்டதற்கு மேல் அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள். பிறகு அதை நான் இங்கே சொல்லும்படி ஆகும். நீங்களும் அவளிடம் அதைக் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுகோளை வாக்குமூலத்தில் எழுத வழக்கமில்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சொன்னார்கள். பிறகு பேபி அவர்கள் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளம்மா என்றார்கள்.

இதில் கண்ட யாவும் யாருடைய மிரட்டலும் ஆசை வார்த்தையும் இல்லாமல் நானாகச் சொன்னவை. பேபி அவர்கள் வரி வரியாகப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. உண்மை.

(ஒப்பம்) மா. அசரியா
17.12.2007, பகல் 1.05 மணி

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) சப்-இன்ஸ்பெக்டர்